சன்னலைத் திறந்து வை

லிஸ்பன் மாநகரின் பழைய பகுதியில் ஒரு மேட்டுத் தெரு. 2017-ஆம் ஆண்டு. பாத்திமா அன்னையின் காட்சிக்கு நூறாண்டு நிறைந்ததை முன்னிட்டுத் திருப்பயணம் சென்ற நாங்கள், காலை ஒன்பது மணியளவில் பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தோம். அப்பொழுது தெருவின் கீழ்க்கோடியிலிருந்து ஒரு குழலோசை வந்தது. தாழ்ந்த சுரத்தில் தொடங்கி ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறி, அதே வேகத்தில் சறுக்கி இறங்கிவிடும் ஓசை. மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு முதியவர் ஒருவர் மேட்டில் ஏறி வந்தார். வண்டியில் சாணைக்கல் பொருத்தப்பட்டிருந்தது. கத்தியும் கத்தரிக்கோலும் சாணை பிடிப்பார். பழுதான குடையும் சரி செய்வார். அந்த நாட்டில் இவர்கள் கூவுவதில்லை. கையடக்கமான பல்துளைக் குழலை உதட்டில் வைத்து ஓர் இழுப்பு இழுப்பதே அவர்கள் வருகையின் அறிவிப்பு.

நான் கைப்பேசியை எடுத்து அந்த ஓசையைப் பதிவு செய்துகொண்டு நின்றேன். பேருந்திலிருந்து, "சார்வாள், மாதாவைப் பார்க்க வந்தீரா, சாணைக்காரரைப் பார்க்க வந்தீரா?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தனர். வழிகாட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஏறி அமர்ந்தபின் எங்கள் வண்டி நான்கு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது.

பாளையங்கோட்டையில், தூய சவேரியார் பேராலயத்தின் மணியோசை காதில் விழும் தொலைவிலுள்ள எங்கள் வீட்டில், என் அண்ணன் காத்திருந்தார். சர்க்கரை நோயால் 2012-இல் அவருடைய பார்வை முற்றிலும் போய்விட்டது. நான் வெளிநாடு செல்லும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஏதாவது ஒரு தெருவைக் கொண்டாடே." மற்றவர்களுக்குச் செபமாலையும் சுரூபமும் வாங்குவேன், அண்ணனுக்குத் தெருவைக் கொண்டுபோவேன்.

கொண்டுபோனதை அவர் சோதிக்கும் முறையே வேறு. உரோமையில் பேதுரு பேராலயத்துப் பெரிய மணிகளை எவ்வளவோ பாடுபட்டுப் பதிவு செய்தேன். அரை நிமிடம் கேட்டுவிட்டு, "இதை டி.வி.யிலேயே கேட்டுக்கலாம்" என்றார். ஞாயிறு நண்பகலில் திருத்தந்தை தம் மாளிகைச் சன்னலில் தோன்றி மக்களோடு மூவேளைச் செபம் சொல்லும் வழக்கம் நம் வாசகர் அறிந்ததே. அந்தப் பதிவைப் போட்டபோது மட்டும், "அவரும் சன்னலைத் திறந்துதான் பேசுதார், பாத்தியா" என்று என் பக்கம் முகத்தைத் திருப்பினார். ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்கு விளங்கியது. பின்னர் சொல்கிறேன்.

அவருக்குப் பிடித்தது, நாங்கள் தங்கிய விடுதிக்குக் கீழே விடியற்காலையில் எடுத்த பதிவு. கடையொன்றின் இரும்புக் கதவு மேலே சுருண்டு ஏறுகிறது. யாரோ பீங்கான் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். ஒரு பெண் இருமுகிறாள். ஒரு கார் போகிறது. "ராத்திரி அங்கே மழை பெய்திருக்கு" என்றார் அண்ணன். உண்மைதான். ஈரச் சாலையில் சக்கரம் உருளும் ஓசையை அவர் கண்டுகொண்டார். அன்று காலை நான் நனைந்த சாலையில் நடந்தே சென்றேன். ஆயினும் அந்தப் பதிவில் மழையைக் கேட்கவில்லை.

உரோமையில் இன்னொரு ஓசையும் கிடைத்தது. நாள்தோறும் நண்பகல் பன்னிரண்டுக்கு ஜனிக்குலம் குன்றில் ஒரு பீரங்கி வெடிக்கிறது. நகரத்துக் கோவில்கள் ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தைப் பார்த்து நண்பகல் மணி அடிக்க, ஒரே நண்பகல் பலமுறை வந்து போயிற்றாம். இதைச் சீர்செய்ய 1847-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் இந்தப் பீரங்கி முழக்கத்தை ஏற்படுத்தினார். முதலில் சம்மனசுக் கோட்டையிலிருந்து வெடித்தது. 1904 முதல் குன்றிலிருந்து வெடிக்கிறது. இதைக் கேட்டதும் அண்ணனுக்கு எங்கள் தாயாரின் ஊர் நினைவுக்கு வந்துவிட்டது. பாபநாசம் மலையடிவாரத்தில், விக்கிரமசிங்கபுரத்து நூற்பாலையின் சங்கு ஊதினால்தான் அந்த வட்டாரத்தில் உலை ஏறும், உலை இறங்கும். அம்மா பாளையங்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து வெகுகாலம் வரை, "இங்கே சங்கு இல்லாமல் பொழுதே தெரியவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பிறகு பேராலய மணி அந்தச் சங்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இந்தச் சேகரிப்பு எனக்குத் திடீரென்று வந்த பைத்தியமன்று. 1981-இல் அண்ணன் குவைத்துக்குக் குளிர்சாதன மெக்கானிக்காகப் போனார். முதல் விடுமுறையில் வரும்போது ஒரு நேஷனல் பானசோனிக் டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார். வளைகுடா நாடுகளில் உழைத்தவர்களின் வீடுகளில் அக்காலத்தில் நடந்ததுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. தொலைபேசி எட்டாத செலவு. அம்மாவுக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. எனவே கேசட்டில் பேசி அனுப்புவது வழக்கமாயிற்று. விடுமுறை முடிந்து திரும்பும் யாரேனும் ஒருவர் பெட்டியில் ஊறுகாய்க்கும் கருப்பட்டிக்கும் நடுவே அது பயணம் செய்யும். அங்கே கேட்டுவிட்டு, அதன்மேலேயே தம் பதிலைப் பேசி அனுப்புவார்கள். அவர்கள் பதிலை அழித்து நாம் பேசுவோம். ஒரே கேசட்டு நான்கைந்து முறை கடல் கடந்ததுண்டு. அதன் முதுகிலுள்ள சிறிய நாக்கை உடைத்துவிட்டால் பிறகு அழியாது என்று கடைக்காரர் சொல்லித் தந்தார். அம்மா சம்மதிக்கவில்லை. "நல்ல சாமானை எதுக்குடா உடைக்கணும்?" என்றார்.

1984-இல் முதல் கேசட்டை நான்தான் பதிவு செய்தேன். அப்பொழுது கல்லூரி மாணவன், எல்லாம் தெரிந்தவன். தார்சாவில் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்தேன். தெருவில் ஒருவர் எதிர்வீட்டு அம்மியைக் கொத்திக்கொண்டிருந்தார். உளிச்சத்தம் பேச்சைக் கெடுக்கும் என்று சன்னல்களைச் சாத்தினேன். "தெளிவாகப் பேசம்மா" என்றேன். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பூசை வாசகம் கேட்கிறவர்போல நிமிர்ந்து, நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினார். பத்து நிமிடம் பேசினார். நான் மனநிறைவோடு அனுப்பினேன்.

ஒரு மாதத்துக்குப்பின் அண்ணன் எனக்குத் தனியாகக் கடிதம் எழுதினார். அம்மா பள்ளி ஆண்டுவிழாவில் பேசுவதுபோல் இருந்ததாம். அந்தக் கடிதத்தின் கடைசி வரிகளை இன்றும் மறக்கவில்லை: "ஏன் சன்னலைச் சாத்தினாய்? இங்கே நாங்கள் எட்டுப் பேர் சாத்திய சன்னலுக்குள்தான் இருக்கிறோம். ஏ.சி. இரைச்சலைத் தவிர வேறு சத்தமில்லை. அடுத்த முறை திறந்து வை."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. தெருவைத்தானே கேட்கிறார், முழுத் தெருவையும் அனுப்புகிறேன் என்று தீர்மானித்தேன். 1985-இல் ஒரு சனிக்கிழமை காலை. சன்னல் விளிம்பில் ரிக்கார்டரை வைத்தேன். இந்த முறை என் கவலை நேர்மாறானது. வீட்டார் பேச்சு ஊடே புகுந்து தெருவைக் கெடுத்துவிடலாகாது! அன்றைய தெரு வளமாக அமைந்தது. அடிபம்பின் கிறீச்சு, மிதிவண்டியில் மூட்டை வைத்து வந்த தூத்துக்குடி உப்பு, பதநீரைப் 'பயினி' என்று நீட்டிக் கூவிய கிழவர், பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் தரும் வண்டிக்காரர். ஆனால் பாதி ஓடியபோது நாடா இயந்திரத்தில் சிக்கிக் கசங்கிவிட்டது. பென்சிலை நுழைத்துச் சுற்றி எடுத்து, இனி உதவாது என்று ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டேன். வேறொரு கேசட்டில் மறுவாரம் பதிவு செய்து அனுப்பினேன். அண்ணனுக்கு மகிழ்ச்சி. அதன்பின் சன்னல் திறந்தபடியே அம்மா பேசினார், பேச்சும் இயல்பாயிற்று. அந்தக் கேசட்டுகளை மட்டும் அண்ணன் அழிக்காமல் தம் கட்டிலுக்கடியில் ஒரு செருப்புப் பெட்டியில் சேர்த்து வைத்தார்.

1988-இல் அம்மா இறைவனடி சேர்ந்தார். தந்தி போய் அண்ணன் வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அம்மாவின் குரல் செருப்புப் பெட்டியில் இருக்கிறது என்ற ஆறுதலோடு அவர் குவைத் திரும்பினார். 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. இந்தியர்கள் 1,70,000-க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து மீண்டார்கள். மிகப் பலர் பாலைவனம் கடந்து ஜோர்தானின் அம்மான் நகரை அடைந்து, அங்கிருந்து ஏர் இந்தியா விமானங்களில் மும்பை வந்தார்கள். அண்ணனும் அப்படித்தான் வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதில் கடவுச்சீட்டும் இரண்டு சட்டையும் இருந்தன. ஒன்பதாண்டு உழைப்பு போனதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. "பெட்டியை எடுக்க நேரமில்லடே" என்று மட்டும் சொன்னார். எந்தப் பெட்டி என்று நான் கேட்கவில்லை.

எங்களிடமும் அம்மாவின் குரல் இல்லை. சிக்கனமாக, கேசட்டுகளை அழித்து அழித்துத்தான் நாங்கள் பயன்படுத்தியிருந்தோம்.

அதற்குப் பிறகுதான் நான் ஒலிகளைச் சேர்க்கத் தொடங்கினேன். ஆசிரியப் பணியின் விடுமுறைகளில் ஆற்றையொட்டியே சுற்றுவேன். பத்தமடையில் கோரைப்பாய்த் தறியின் அடி. சுலோசன முதலியார் பாலத்தில் பேருந்துகள் இரைய, கீழே படித்துறையில் துணி அறையும் ஓசை. புன்னைக்காயலில், பொருநை கடலோடு கலக்குமிடத்தில், எது ஆறு எது கடல் என்று பிரிக்க முடியாத இரைச்சல். எங்கள் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையினர் கதையையும் பாட்டையும் வில்லிசையையும் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்து காத்த பணியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் உப்பு விற்பவரின் கூவல் பாட்டா, பேச்சா? எந்தத் தட்டில் அதை அடுக்குவது?

இந்த ஐயம் எனக்கு மட்டும் வந்ததன்று. கனடா நாட்டு இசையறிஞர் முர்ரே ஷேஃபர் தம் மாணவர்களோடும் உடன் உழைத்தவர்களோடும் 1970-களில் வான்கூவர் நகரத்து ஓசைகளைப் பதிவு செய்தார். 1975-இல் ஐரோப்பாவின் ஐந்து சிற்றூர்களுக்குச் சென்று அங்கு காலை முதல் இரவு வரை கேட்பதையெல்லாம் குறித்தார்கள். மணியோசை எவ்வளவு தொலைவு எட்டுகிறது என்பதுகூட அவர்களுக்கு ஆராய்ச்சிப் பொருள். அதற்கும் வெகு முன்னர் நம் நாட்டில், கிரியர்சன் தலைமையேற்ற மொழியியல் அளவாய்வுக்காக, 1913 தொடங்கி 1929 வரை பல மொழியினரின் பேச்சை இசைத்தட்டில் பதித்தார்கள். மொழிக்கு மொழி ஒப்பிடுவதற்காகப் பெரும்பாலும் சொல்லவைத்தது எதைத் தெரியுமா? நம் ஆண்டவர் சொன்ன ஊதாரி மகன் உவமையை! இன்று இணையத்தில் அவற்றைக் கேட்கலாம். நான் கேட்டவற்றில் தட்டின் கரகரப்பும் பேச்சும் தவிர வேறொன்றும் காதில் விழவில்லை. அங்கும் சன்னலைச் சாத்தியிருப்பார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த உவமையில், வயலிலிருந்து திரும்பும் மூத்தவன் முதலில் எதையும் காண்பதில்லை. வீட்டை நெருங்கும்போது ஆடல்பாடலின் ஓசையைத்தான் கேட்கிறான். எங்கள் வீட்டில் தூரதேசம் போய் வெறுங்கையோடு வந்தவர் மூத்தவர், வீட்டிலிருந்தவன் இளையவன்.

2018-இல் யாழ்ப்பாணம் சென்றபோது ஒரு வேடிக்கை. மாலையில் ஒழுங்கையில் பீத்தோவனின் 'எலீசுக்காக' என்ற மெட்டு கணீரென்று கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், பாண் விற்கும் ஆட்டோ! இலங்கையெங்கும் அந்த மெட்டுதான் பாண்காரரின் குரல். தைவான் நாட்டிலோ அதே மெட்டை ஒலித்துக்கொண்டு வருவது குப்பை வண்டி. இந்தக் கதையைச் சொன்னதும் அண்ணன், "அந்த மனுசனுக்குக் கடைசியில காதும் கேட்காமப் போச்சு, நல்லதுதான்" என்றார். லிஸ்பன் சாணைக்காரரின் குழல் கேட்டால் மழை வருமென்று அந்த ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு என்றபோது, "அப்போ சித்திரையில ஒரு வாரம் அவரை இங்கே வரச் சொல்லு" என்றார்.

நம் தெருவின் கூவல்களும் மாறிவிட்டன. இப்போது ஒலிபெருக்கி பொருத்திய சிறு சரக்கு வண்டிகள் வருகின்றன. யாரோ எங்கோ ஒருமுறை பேசிப் பதிந்த குரல் சலிக்காமல் சுழல்கிறது. வண்டியோட்டி வாய் திறப்பதே இல்லை. கோவாவில் வந்திறங்கிய 1542-இல், நம் புனித சவேரியார் கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளை மறைக்கல்விக்கு அழைத்தார் என்று படிக்கிறோம். மணியை ஆட்டிய கை அவருடையதுதானே.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. கண்ணுள்ளவர்களுக்கு அது வெறிச்சோடிய தெரு. அண்ணனுக்கு அது வேறு. பால்காரர், பள்ளிப் பிள்ளைகள், பூக்காரம்மா, மதியத்து ஐஸ் வண்டி என்று தெருவைக் கேட்டே பொழுதறிந்தவர் அவர். மூன்றாம் நாளே நிலைகுலைந்துவிட்டார். நள்ளிரவில் எழுந்து காபி கேட்டார். "தெரு செத்துப் போச்சாடே?" என்றார். புனித வாரம் வந்தது. பெரிய வியாழன் உன்னதகீதத்துக்குப்பின் பாஸ்கா இரவு வரை மணிகள் மௌனம் காக்கும். வழக்கமாக மணிக்குப் பதில் கட்டையைத் தட்டுவார்கள். அந்த ஆண்டு மக்களில்லாத வழிபாடு. கட்டைச் சத்தமும் எங்கள் வீடுவரை வரவில்லை. பெரிய வெள்ளியன்று பகலில் அவர், "பழைய தெரு ஏதாச்சும் இருந்தாப் போடேன்" என்று கெஞ்சினார். எங்கள் அண்ணன் யாரிடமும் கெஞ்சி நான் கண்டதில்லை.

பரணில் ஏறிப் பழைய கேசட்டுகளைத் தேடினேன். பிஸ்கட் டின்னின் அடியில் அந்தக் கசங்கிய கேசட்டு கிடந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள்! கடை எதுவும் திறந்திருக்கவில்லை. நானே சிறு திருப்புளியால் அதைப் பிரித்து, கசங்கிய முழத்தை வெட்டி எறிந்து, ஒட்டுநாடாவால் இணைத்தேன். பானசோனிக் முதலில் முரண்டு பிடித்தது, பிறகு ஓடிற்று.

அடிபம்பு கிறீச்சிட்டது. காகங்கள். உப்பு வந்து போயிற்று. அண்ணன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பயினிக் கிழவரின் குரல் தெருமுனையில் எழுந்து, எங்கள் வீட்டைக் கடந்து, தேய்ந்தது. பேரீச்சம்பழ வண்டியின் மணி. அது எங்கள் வாசலிலேயே நின்றுவிட்டது. இரும்பு ஏதோ தராசில் விழும் சத்தம். அப்புறம், சற்றுத் தொலைவிலிருந்து, யாருக்கும் கேட்கவேண்டுமென்று எண்ணாத ஒரு குரல்:

"எம்மூத்த மவன் இருக்கப்பட்ட ஊர்ல இது மரம் மரமாக் காய்க்குதாம். நீ என்னடான்னா எண்ணி எண்ணிப் போடுத."

வண்டிக்காரர் சிரிக்கிறார். அம்மாவும் சிரிக்கிறார். அண்ணன் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து, ரிக்கார்டருக்கு மிக அருகில், தெள்ளத்தெளிவாக இன்னொரு குரல். கோபமான இளைஞனின் குரல். "கொஞ்சம் சும்மா இரும்மா, டேப் ஓடுது!" அதன்பின் அம்மா பேசவில்லை. காலடி உள்ளே போகிறது. தெரு தொடர்கிறது, நான் விரும்பியபடி, ஆள் பேச்சுக் கலவாமல். கொஞ்ச நேரத்தில் வெட்டிய இடம் வந்து ஓசை குதித்தது.

நாங்கள் இருவரும் எதுவும் பேசவில்லை.

உயிர்ப்பு ஞாயிறன்று அதைக் கைப்பேசிக்கு மாற்றி அண்ணனிடம் கொடுத்தேன். பெரிய பொத்தான்கள் உள்ள கருவி. தடவிப் பார்த்தே இயக்கிவிடுவார். இப்பொழுது தெரு பழையபடி உயிர்பெற்றுவிட்டது. ஆனாலும் நாள்தோறும் பேராலயத்தின் நண்பகல் மணி ஓய்ந்தபின், மூவேளைச் செபத்தை முடித்துக்கொண்டு, அவர் அதைக் கேட்பது வழக்கம். நான் அடுத்த அறையில் இருப்பேன். உப்பு, பயினி, பேரீச்சம்பழம், அம்மா, அம்மாவின் சிரிப்பு. அந்தச் சிரிப்பு முடிவதற்கும் என் குரல் தொடங்குவதற்கும் நடுவே மிகக் குறுகிய இடைவெளி இருக்கிறது. பார்வையில்லாத அவருடைய விரல் ஒருநாளும் தவறாமல் அந்த இடைவெளியில் பொத்தானை அழுத்தி நிறுத்திவிடுகிறது.